பேண்டேஜ் உறையில் முப்பத்தேழு கவலைகள்

அன்றைக்குத் தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, பி.டி. சார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த நர்ஸம்மா, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், நான். மொத்தம் ஐந்து பேர். சத்துணவு ஆயா டீ கொண்டுவந்து வைத்தார். ஆனால் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டுதான் வைத்தார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை குழப்பம். சேர்க்காததாகவே இருக்கட்டும்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பெரியவர்கள் கூடிய இடத்தில் எனக்கு என்ன வேலை என்றால், பதிவேடு எழுதுவது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வகுப்பு டீச்சர் அனுப்பிவிட்டார். நல்ல கையெழுத்தால் ஒருத்திக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று அவர் யோசித்திருக்க நியாயமில்லை. நான் யோசித்தேன். சின்ன வயதிலிருந்தே அது ஒன்றுதான் எனக்கு முழுநேர வேலை.

அந்த வருஷம் இராஜபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் நலவாழ்வு மன்றம் என்று ஒன்று தொடங்கினார்கள். உடம்பு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மனசும் நன்றாக இருக்கவேண்டும் என்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசினார். மனசில் கவலை இருக்கிற பிள்ளைகள் அதைத் தாளில் எழுதி, ஆய்வகத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பெட்டியில் போடலாம், பெயர் எழுத வேண்டாம் என்றார். பெட்டிக்கு ரோஸ் பெயின்ட் அடித்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஆயிரம் பிள்ளைகள் வெயிலில் நெளிந்துகொண்டு நின்ற அந்த மைதானத்தில், இந்தப் பெட்டி எனக்காகவே செய்யப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏனென்றால் வீட்டில் என் கவலைகளுக்கு மரியாதை கிடையாது. தெருவில் தாழத் தொங்கும் மின்கம்பியைப் பற்றிச் சொன்னால், "ஏட்டி, அது அறுந்து விழும்போது பாத்துக்கிடலாம். இப்போ சோத்தத் தின்னு" என்பாள் அம்மா. தம்பி இன்னும் மோசம். நான் வாயைத் திறக்கும்போதே காதைப் பொத்திக்கொள்வான்.

இரண்டு வாரத்தில் முப்பத்தாறு தாள்கள் எழுதிப் போட்டேன். ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கக்கூடாது என்று சிலவற்றை இடது கையால் எழுதினேன். சிலவற்றைப் பென்சிலால் எழுதினேன். இவ்வளவு யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தாள்.

அம்மா ஒரு பேண்டேஜ் யூனிட்டில் பாக்கிங் பிரிவில் இருந்தாள். அப்பாவுக்கு மில்லில் வேலை நின்று நாலு மாதம் ஆகியிருந்ததால், வீட்டில் அடுப்பு எரிவது அம்மா சம்பளத்தில்தான். யூனிட் முதலாளி அந்த வருஷம் உள்ளூர் மருந்துக்கடைகளுக்கென்று முதன்முதலாகத் தமிழிலேயே உறை அச்சடித்தார். 'சுருள் பேண்டேஜ்' என்று பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகு பார்த்தால், கடைசி எழுத்து விழுந்து 'சுருள் பேண்டே' என்று இருந்தது.

இரண்டு வயதுப் பிள்ளையின் டவுசரைப் பிடித்து இழுத்துத் தாய்மார் கேட்கிற கேள்வி அது. அதை நீல மையில், தன் கம்பெனிப் பெயருக்கு நேர் மேலே பார்த்த முதலாளி அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லையாம். எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். "ஒத்தத் தாள் வெளிய போயிருக்குன்னு தெரிஞ்சா, கொண்டு போனவ நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்றும் சொன்னார்.

எட்டுப் பேர் சேர்ந்து எரித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்த தாள். இரண்டு கட்டைச் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கணக்குப் போட்டுப் பார்க்க ஆகும், ஆனால் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னாள். நானும் தாண்டவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தால், அந்தப் பக்கத்துத் தாளும் நூல் விட்டு ஒருநாள் விழுந்துவிடும். அதில் வீட்டுப்பாடம் இருந்தால்? அந்தக் கவலையில் இந்தக் கவலையை மறந்தேன்.

ஒரே ஒரு தாள் மட்டும் பெட்டிக்குப் போகாமல் வேறு கைக்குப் போனது. ஒருநாள் சாயங்காலம் கொக்கோ ஆட்டம் முடிந்து கிளம்பும்போது பி.டி. சார் கூப்பிட்டு, "ஏ பிள்ள, எழுத ஒரு தாள் குடு" என்றார். பையில் மேலாக இருந்ததைக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். மீசை லேசாக ஆடியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீம் பெயர் எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

பி.டி. சார் காலையில் எல்லா வாத்தியார்களுக்கும் முன்னால் வந்துவிடுவார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் மைதான ஓரத்தில் கிடக்கும் கல் உருளைமேல் விசிலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

பெட்டி இரண்டு வாரத்தில் நிறைந்துவிட்டது. நாலைந்து சீட்டு விழும் என்று எதிர்பார்த்த தலைமையாசிரியை, பூட்டைத் திறந்ததும் பதறிப்போய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டு நர்ஸம்மாவை வரவழைத்தார். நர்ஸம்மா பேத்தி எடுத்தவர். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ஸ்கூல்ல இம்புட்டுப் பிள்ளைகளுக்கா மனக்கஷ்டம்?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டி பதில் சொல்லவில்லை. நான் குனிந்து பதிவேட்டில் ஓரக்கோடு போட்டேன்.

அவருக்குப் பக்கத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முதலாளி அவர்தான். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தாள் ஞாபகம் வந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் வேண்டினேன். போதாதோ என்று தோன்றியதால், கூடப் படிக்கும் பிள்ளைகள் கும்பிடும் சாமிகளையும் வேண்டினேன்.

பி.டி. சார் பெட்டிக்குள் கை விட்டு ஒவ்வொரு சீட்டாக எடுத்து, அணிவகுப்புக்கு உத்தரவு கொடுக்கிற குரலில் வாசிப்பார். நான் பதிவேட்டில் எழுதவேண்டும். என் கவலையை என் காதால் கேட்டு, என் கையாலேயே இரண்டாவது தடவை எழுத ஆரம்பித்தேன். எழுத்து ஒத்துப்போய்விடக்கூடாதே என்று எல்லா எழுத்தையும் சாய்த்துச் சாய்த்து எழுதினேன்.

"தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. நேற்று மதியம் அதில் ஒரு குரங்கு காலை நனைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரங்குக்குச் சொறி இருப்பதுபோல் தெரிகிறது."

தலைமையாசிரியை கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார். வைத்தவர் என் பதிவேட்டை எட்டிப் பார்த்து, "என்ன எழுத்து இது? கோழி கிண்டுன மாதிரி! ஒன்னையப் போய் அனுப்பியிருக்காங்களே" என்றார்.

"மணி அடிக்கிற தண்டவாளத்தைக் கட்டியிருக்கும் கயிறு பாதி இற்றுவிட்டது. மீதிப் பாதி யார் தலைக்கு மேல் அறும் என்று தெரியவில்லை."

அடுத்த சீட்டைப் பிரித்தவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "பி.டி. சார் ஒரே விசிலை டீமில் எல்லாரிடமும் கொடுத்து ஊதச் சொல்கிறார். ஒருவருக்குச் சளி பிடித்தால் பன்னிரண்டு பேருக்கும் பிடிக்கும். சாருக்கும் பிடிக்கும்."

"பிள்ள சொல்றது நெசந்தான, சார்?" என்றார் நர்ஸம்மா.

"தொடச்சிட்டுத்தான் குடுப்பேன்."

"எதுல தொடப்பிய?"

சார் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அடுத்த சீட்டை எடுத்தார்.

"பஞ்சுத் தூசியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ராத்திரி இருமல் வந்தால் அது தானாகப் போய்விடுமா, போகாதா?"

நர்ஸம்மா பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "மொதலாளி, ஒங்க யூனிட்டுல வேலை பாக்கவிய வாயில துணி கட்டிக்கிட ஏற்பாடு செஞ்சா நல்லதுல்லா?"

"ஆங்? சரிதான், சரிதான்" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல்.

இப்படியே பதினாறு சீட்டு போனது. பதினேழாவது சீட்டைப் பிரித்ததும், உத்தரவுக் குரலை எங்கே வைப்பது என்று சாருக்குத் தெரியவில்லை. வேகமாக வாசித்தார். "வியாழக்கிழமைதோறும் கொடுக்கும் சத்து மாத்திரையைப் போட்டதிலிருந்து வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறது. மூன்று வாரமாக. சாகும்வரை இப்படித்தானா, அல்லது இதனால்தான் சாவா?"

நர்ஸம்மா கைப்பை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். "ஏ தாயி! இரும்புச் சத்து மாத்திர போட்டா கறுப்பாத்தான் போகும். அது ஒரு தப்பும் இல்ல. இதச் சொல்லாமலா டீச்சர் மாத்திரையக் குடுத்திய?"

"சுற்றறிக்கையில போட்டிருந்துச்சு" என்றார் தலைமையாசிரியை.

"சுற்றறிக்கைக்கா வயித்தால போகுது? பிள்ள மூணு வாரமா உசிரக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கு!"

உண்மைதான். அந்த மூன்று வாரத்தில் என் ஜியோமெட்ரி பாக்ஸ் தம்பிக்கு, குடை அம்மாவுக்கு என்று மனசுக்குள் பங்குகூடப் பிரித்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் செத்துப் பிழைத்தேன். அதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல், 'கறுப்பாக' என்பதைச் சாய்த்து எழுதினேன்.

பிழைத்த சந்தோஷம் ஒரு வரிகூட நிற்கவில்லை. நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் முதலாளி விழித்துவிட்டார். என்ன வேடிக்கை என்று பார்க்க மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சார் இன்னும் அந்தச் சீட்டை விரித்துப் பிடித்திருந்தார். எழுதிய பக்கம் மேலே. அச்சடித்த பக்கம் கீழே, ஆனால் அதன் நீல மை ஓரமாக முதலாளி கண்ணில் பட்டது.

"வாத்தியாரே, அந்தத் தாளத் திருப்பும்."

"இந்தப் பக்கந்தான் எழுதியிருக்கு, மொதலாளி."

"எழுதினத விடும்வே. திருப்பும்ங்கேன்."

திரும்பியது. தலைமையாசிரியை தமிழ் படித்தவர், எதைப் பார்த்தாலும் சத்தமாக வாசிக்கிற பழக்கம். "சுருள் பேண்..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மூடாமல் முடித்தது நர்ஸம்மாதான். "சுருள் பேண்டேயா? அப்போ கறுப்பா போனது சுருளாவும் போயிருக்கு!" என்று மறுபடி சிரித்தார்.

முதலாளி முகம் பெட்டியின் பெயின்டைவிடச் சிவந்தது. எழுந்து பெட்டிக்குள் கை விட்டு அள்ளினார். எல்லாத் தாளும் அவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டது. "இத நான் எரிக்கச் சொன்னேன், அம்புட்டையும்! பாக்கிங்ல எட்டுப் பேரு. அதுல எவ பிள்ள இங்க படிக்குன்னு பாத்தா முடிஞ்சுபோச்சு. டீச்சரம்மா, அட்மிஷன் நோட்ட எடுங்க."

தலைமையாசிரியை பீரோச் சாவியைத் தேடினார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பேனா நின்ற இடத்தில் மை ஊறி வட்டமாகப் பெருகிக்கொண்டிருந்தது. நாளையிலிருந்து அம்மா வேலைக்குப் போகமாட்டாள். அப்பாவும் வீட்டில், அம்மாவும் வீட்டில். அதற்கு அப்புறம் என்ன என்று யோசிக்க, முதல்முறையாக எனக்கே வரவில்லை.

சார் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பிவிட்டார்.

"நோட்டெல்லாம் எதுக்கு? அது நான் கொண்டாந்த தாளு."

"நீரா?"

"பழைய பேப்பர்க்காரன்ட்ட பத்து ரூவாக்கு ஒரு கட்டு எடுத்தேன். பிள்ளைய எழுதட்டும்னு பெட்டி பக்கத்துல வச்சேன். இந்தப் பக்கம் என்ன போட்டிருக்குன்னு யாரு பாத்தா?"

"எந்தப் பேப்பர்க்காரன்?"

"தள்ளுவண்டிக்காரன். எந்தத் தெருவுக்குப் போனானோ."

முதலாளிக்கு அவராகவே ஒரு வழி கிடைத்துவிட்டது. "அச்சாபீஸ்காரன்! மிச்சம் அடிச்சத எடைக்குப் போட்டிருக்கான் பாருங்க. அவனுக்கு இருக்கு" என்று உட்கார்ந்தார். அச்சாபீஸ்காரர் பாவம் என்று தோன்றியது. அதை எழுதிப் போட என்னிடம் துணிச்சலும் இல்லை, தாளும் இல்லை.

சீட்டுகளை அப்படியே அள்ளிப்போய் எரிக்கவேண்டும் என்றார் முதலாளி. பதிவு செய்யாமல் தரமுடியாது என்றார் தலைமையாசிரியை. வாசிப்பு தொடர்ந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பத்தி நாலு, முப்பத்தி ஐந்து, முப்பத்தி ஆறு. முடிந்தது என்று பேனாவை மூடினேன். சார் கை மறுபடி பெட்டிக்குள் போய், இன்னொரு சீட்டோடு வெளியே வந்தது. அதே உறை. அதே 'பேண்டே'. ஆனால் என்னுடையது இல்லை.

சார் அதைப் பிரித்துப் பார்த்தார். இருமினார். மறுபடி மடித்து, "இதுல ஒண்ணும் தெளிவா இல்ல" என்றார்.

"குடுங்க சார், எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்" என்று நர்ஸம்மா கை நீட்டி வாங்கி வாசித்தார். "நாலு மணி பெல் அடித்த பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை."

"யாரு பெத்த பிள்ளையோ" என்றார் தலைமையாசிரியை. சீட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்ட நர்ஸம்மா, "மத்ததெல்லாம் மூடி போட்டா, கயிறு கட்டுனா சரியாப்போற கவலை. பேச வேண்டியது இந்தப் பிள்ளைட்டதான்" என்றார். இனி புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆய்வகத்தில் வந்து உட்காருவதாகவும், வர விருப்பமுள்ள பிள்ளை வரலாம் என்றும் சொன்னார். பி.டி. சார் தண்ணீர் கேட்டார். அப்புறம் குரங்கு ஞாபகம் வந்து வேண்டாம் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் மை படிந்த விரலைக் கழுவிக்கொண்டிருந்தேன். சார் பின்னால் வந்து நின்றார். "ஏ பிள்ள, எனக்கு நீ பத்து ரூவா தரணும். தெரியும்லா? இல்லாத பேப்பர்க்காரனுக்குக் குடுத்த காசு." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னதால் நான் நம்பிவிட்டேன். வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம் நர்ஸம்மா சொன்ன 'சுருள்' கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, மீதித் தாள்கட்டை வெந்நீர் அடுப்பில் வைக்கும்போதும் சிரித்தாள். அடுத்த வாரம் யூனிட்டில் எல்லாருக்கும் வாயில் கட்டத் துணி கொடுத்தார்கள். 'சரிதான்' என்று சொன்னதை நர்ஸம்மா விடாமல் பிடித்துக்கொண்டாராம். நாள் முழுக்கப் பேசமுடியவில்லை என்று அம்மாவுக்கு ஒரே குறை. இருமல் குறைந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் ராத்திரி விழித்திருந்து எண்ணிப் பார்த்தேன்.

தொட்டிக்கு மூடி வந்தது. மணிக்குச் சங்கிலி வந்தது. டீமில் ஆளுக்கொரு விசில் வந்ததில், கொக்கோ மைதானம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமை மாத்திரைக்கு முன்னால் 'கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்' என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொரு வாரமும் ஆயிரம் பேரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை நாலு மணிக்கு நர்ஸம்மாவிடம் பேச எந்தப் பிள்ளையும் போனதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர் தவறாமல் வந்தார். ஆய்வக வாசலில் பி.டி. சார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிற பிள்ளைகளைக் கணக்கெடுக்க அவரைக் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பிள்ளையும் வராத இடத்தில் மனுஷர் இப்படிச் சாயங்காலம் முழுக்க உட்காரவேண்டியிருக்கிறதே என்று அவருக்காகக் கவலைப்பட்டேன். நாலைந்து வாரம் கழித்துப் பார்த்தால் ஸ்டூல் உள்ளே போயிருந்தது. டீக் கிளாஸ் இரண்டு. ஜன்னல் வழியாக நர்ஸம்மாவின் சிரிப்பு கேட்கும். எப்போதாவது சாருடைய சிரிப்பும் கேட்கும். பாவம், வேலை நேரம் போக இந்த வேலை வேறு என்றுதான் தோன்றியது.

அடுத்த வருஷம் அவருக்கு வத்திராயிருப்புப் பக்கம் மாற்றல் ஆனது. போகிற அன்றைக்குப் பத்து ரூபாய்த் தாளை மடித்துக் கொண்டுபோனேன். "இப்போ வேண்டாம். பொறவு வாங்கிக்கிடுதேன்" என்றார். நானும் அதோடு நெடுநாள் படிக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய வாரம், தேர்வில் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். பட்டியல் முடியவில்லை. தேர்வு முடிந்துவிட்டது.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். ஒவ்வொரு அட்டையிலும் தேதியை மூன்று தடவை பார்ப்பேன். வாடிக்கையாளர்களுக்கு எரிச்சல், கடை முதலாளிக்கு நிம்மதி. இங்கே வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். தூக்கம் வராதவர்கள் அதை நேராகக் கேட்பதில்லை. முதலில் இருமல் மிட்டாய் கேட்பார்கள். நாம் நம்பவேண்டுமே என்று ஒரு தடவை இருமிக் காட்டுவார்கள். கடையில் கூட்டம் குறைந்ததும் மெதுவாக, "தூக்கத்துக்கு எதுவும் இருக்கா?" என்பார்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் தரமாட்டோம், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

ஒருநாள் அப்படி ஒருவர் இருமியபோது, கையில் சில்லறையோடு அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தேழாவது தாளை நான் யாரிடம் கொடுத்தேன் என்பதை நான் ஒருபோதும் மறந்ததில்லை. அவர் அதை யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். குரங்கு, கயிறு, கம்பி, மாத்திரை என்று உலகத்தில் ஒன்றையும் விடாமல் கவலைப்பட்டவளுக்கு, வாத்தியார்களுக்கும் நாலு மணி அடிக்கும் என்பது தோன்றவே இல்லை.

வத்திராயிருப்புக்கு இங்கிருந்து அடிக்கடி பஸ் உண்டு. போகலாம். சார் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை போனால் ஆள் வீட்டில் இருப்பாரா, பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, என்னை அடையாளம் தெரியாவிட்டால் எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று ஒவ்வொரு வாரமும் யோசிக்கிறேன். சொல்லித் தொடங்க ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பில் புத்தகத்தின் கடைசித் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். பாக்கி, பத்து ரூபாய்.